எட்டாம் வகுப்பு மதிப்பெண் எதை அளக்கிறது?

எல்லா மாணவருக்கும் ஒரே தரத்தில் வினா, ஒரே கால அளவு, ஒரே திருத்தும் முறை என்று நடத்தப்படுவது தரப்படுத்தப்பட்ட தேர்வு. பருவத் தேர்வின் வினாத்தாள் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒரு பள்ளியின் எண்பதும் இன்னொரு பள்ளியின் எண்பதும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைக் களைந்து, பல ஊர்ப் பிள்ளைகளின் கற்றலை ஒரே அளவுகோலில் பார்க்க இத்தேர்வுகள் உதவுகின்றன. இந்தியாவில் நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு இவை இரண்டு வடிவங்களில் வருகின்றன: கல்வி அமைப்பை அளக்கும் அடைவு ஆய்வு, தனி மாணவரைத் தேர்ந்தெடுக்கும் உதவித்தொகைத் தேர்வு.

முதல் வகையில் பெரியது தேசிய அடைவு ஆய்வு. 2017 நவம்பர் 13 அன்று 3, 5, 8 ஆகிய வகுப்புகளுக்கு நாடு முழுவதும் நடந்தது. 2021 நவம்பர் 12 அன்று பத்தாம் வகுப்பும் சேர்ந்தது. அந்த ஆண்டு 720 மாவட்டங்களில் சுமார் 34 லட்சம் மாணவர்கள் எழுதினார்கள். இது மாதிரி ஆய்வு. சில பள்ளிகளும் அவற்றில் சில மாணவர்களுமே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். முடிவு மாவட்ட வாரியாக வெளியாகிறது. ஹைதராபாத்தின் மௌலா அலியில் படிக்கும் ஒரு சிறுமி இதை எழுதினால், அவளுடைய விடைகள் மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டத்தின் கணக்கில் சேரும். அவள் பெயருக்கு மதிப்பெண் பட்டியல் எதுவும் வராது. தேர்ச்சி, தோல்வி என்ற பேச்சுக்கும் இடமில்லை.

2021 ஆய்வில் 500க்கு அமைந்த அளவுகோலில் கணிதத்தின் தேசியச் சராசரி மூன்றாம் வகுப்பில் 306, ஐந்தில் 284, எட்டில் 255, பத்தில் 220. எட்டாம் வகுப்பில் மொழிப்பாடம் 302 பெற்றது. அறிவியல் 250இல் நின்றது. கொரோனாவால் பள்ளிகள் நீண்ட காலம் மூடிக் கிடந்த பின் நடந்த ஆய்வு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் 2024 டிசம்பர் 4 அன்று ‘பரக்’ என்ற தேசிய மதிப்பீட்டு மையம் 3, 6, 9 ஆகிய வகுப்புகளில் நடத்திய ஆய்விலும் இதே சரிவு தெரிந்தது. கணிதத்தில் சரியான விடைகளின் சராசரி ஆறாம் வகுப்பில் 46 சதவீதம், ஒன்பதில் 37 சதவீதம். இரு வகுப்புகளின் எண்களும் வெவ்வேறு மாணவர்கள் வெவ்வேறு வினாக்களுக்கு எழுதிய விடைகளிலிருந்து வந்தவை என்பதால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்ப்பது சரியாகாது. எனினும் மேல் வகுப்புக்குப் போகப் போகக் கணிதம் கைநழுவுகிறது என்பதை இரு ஆய்வுகளும் சொல்கின்றன.

நழுவும் இடமும் தெரிகிறது. 2024 ஆய்வில் ஆறாம் வகுப்பினர் மிகவும் தடுமாறியது அரை, கால், முக்கால் போன்ற பின்னங்களை அளவாகவும் எண்கோட்டிலும் காட்டும் வினாக்களில். சரியாகச் செய்தவர்கள் 29 சதவீதம்தான். மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா என்று கேட்டால், நான்கு மூன்றைவிடப் பெரியது என்பதால் பல பிள்ளைகள் நான்கில் ஒன்றைக் காட்டுவார்கள். ஒரே அளவுள்ள இரண்டு ரொட்டிகளை எடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் பிட்டுக் காட்டினால் குழப்பம் தீரும். தீராமல் மேலே போனால் விகிதம், சதவீதம், வட்டி எல்லாவற்றிலும் அதே குழப்பம் தொடரும். எட்டாம் வகுப்பில் தெரியும் குறைக்கு வேர் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் வகுப்பில் இருக்கிறது.

மொழியும் மதிப்பெண்ணைப் பாதிக்கிறது. மௌலா அலி போன்ற ரயில்வே, தொழிற்சாலைப் பகுதியில் தெலுங்கு, உருது, இந்தி பேசும் வீடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. தெலங்கானா அரசு 2022-23 முதல் தன் பள்ளிகளில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆங்கில வழிக் கல்வியைக் கொண்டுவந்து, ஒரு பக்கம் ஆங்கிலமும் எதிர்ப்பக்கம் தெலுங்குமாகப் பாடநூல்களை அச்சிட்டது. வாக்கியமாகக் கொடுத்த கணக்கில் ஒரு பிள்ளை தவறினால், கணக்குத் தெரியாமல் தவறியதா, வாக்கியம் புரியாமல் தவறியதா என்பதை ஓஎம்ஆர் தாளில் கறுத்த வட்டம் சொல்லாது. அதை ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்து கேட்டுத்தான் அறிய முடியும்.

இரண்டாம் வகைக்கு உதாரணம் 2008இல் தொடங்கிய தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் திட்டத் தேர்வு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது. மனத்திறனுக்கு 90 கொள்குறி வினாக்கள், பாடங்களுக்கு 90. நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் தேர்வாகிறார்கள். தமிழ்நாட்டின் பங்கு 6,695. தேர்வானவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். எட்டாம் வகுப்போடு பிள்ளையின் படிப்பு நின்றுவிடுமோ என்று அஞ்சும் வீட்டுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் இடங்கள் அளவானவை. தேர்வாகாதவரைத் திறனற்றவர் என்று சொல்ல இந்த மதிப்பெண் போதாது.

அடைவு ஆய்வின் பயன் அதற்குப் பிறகு நடக்கும் வேலையில் இருக்கிறது. அடிப்படைத் திறன்களில் பின்தங்கிய 6 முதல் 9 வரையிலான வகுப்பு மாணவர்களுக்காகத் தெலங்கானாவில் ‘உன்னதி’, தமிழ்நாட்டில் ‘திறன்’ என்ற திட்டங்கள் வந்துள்ளன. மாவட்டத்தின் முடிவு பின்னத்தில் குறை என்று காட்டினால், அந்த மாவட்டத்து வகுப்பறைகளில் பின்னத்தை மறுபடி முதலிலிருந்து கற்பிக்க நேரம் ஒதுக்க வேண்டும். சில மாதம் கழித்து அதே திறனை வேறு வினாவால் சோதித்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் விடைகள் அப்போதுதான் பிள்ளைகளுக்கே திரும்பி வந்து பயன்படும்.