உங்களுக்குத் தெரியுமா? கடலுக்குள் ஒரு குட்டி மலை
குளிர்நாட்டார் இலையுதிர் காலத்தில் காலாற மலையேறுவார்கள். நமக்கு இலையுதிர் காலம் இல்லை. மாரி பிறக்குமுன் வரும் செப்டெம்பர் இருக்கிறது. அப்போது நமக்கும் ஒரு குட்டி மலை உண்டு. திருகோணமலைக்கு அருகேயுள்ள நிலாவெளிக் கரையிலிருந்து படகில் சுமார் 1 கிலோமீற்றர் போனால் புறாமலைத் தீவு. உச்சியே ஏறக்குறைய 45 மீற்றர்தான்.

கரையில் மணலோடு உடைந்த பவளத் துண்டுகள் குவிந்து கிடக்கும், வெறுங்காலைக் கீறிவிடும். செருப்பைக் கழற்றாதீர்கள். பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டும். அங்கே சத்தம் போடவே கூடாது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தத் தீவைத்தான் துப்பாக்கிச் சுடும் களமாக்கினார்கள் என்பது இன்றும் நெஞ்சை உறுத்துகிறது. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது.

நவம்பரில் வாடைக்காற்று கிளம்பினால் கடல் குமுறும், படகு கிடைப்பது அரிது. அதற்குமுன் போய்விடுங்கள்.