உள்ளே போய் வந்தவருக்குத் தேயிலை மலையில் வேலை

கேமரன் மலைத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். போ (BOH) தேயிலைத் தோட்டத்தை ஜே. ஏ. ரசல் 1929-இல் தொடங்கியபின் பல்லாண்டுகள் கொழுந்து எடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களுடைய பிள்ளைகள் படித்துக் கீழே இறங்கிவிட்டார்கள்; லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் இன்று பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களே அதிகம். 2020-இல் பெருந்தொற்றால் எல்லை மூடியபோது எண்ணெய்ப்பனை முதலாளிகள் சிறைக் கைதிகளையாவது தாருங்கள் என்று கேட்கும் நிலைக்கு வந்தார்கள். அப்படியிருந்தும், சிறையிலிருந்து வந்த நம் பையன் ஒருவன் வேலை கேட்டுப் போனால் "பிறகு கூப்பிடுகிறோம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆள் தேவை என்பது வேறு, நம்பிக்கை என்பது வேறு. அதனால் எதைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பது முக்கியம்.

முதலில், வெளியே வரும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். மலேசியாவில் பரோல் முறை 2008-இல் வந்தது. ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் பாதியை முடித்தபின் இதற்குத் தகுதி பெறலாம். சில குற்றங்களுக்குக் கிடையாது. தங்குவதற்கு ஒரு முகவரி, முடிந்தால் ஒரு வேலை, இவை முன்கூட்டியே இருந்தால் விண்ணப்பத்துக்குப் பலம். மலைப்பாதை தொடங்கும் தாப்பாவிலேயே ஒரு சிறை இருக்கிறது. அங்கே போய்ப் பார்க்கும் குடும்பத்தார் நலம் விசாரிப்பதோடு நிறுத்தாமல், பேக்கரி, தையல், வெல்டிங் என்று எதையாவது கற்றுக்கொண்டாரா, மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கினாரா என்பதையும் கேளுங்கள். வாங்கியிருந்தால் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது பழைய குற்றப்பதிவு. சிங்கப்பூரில் 3 மாதத்துக்கு மேற்படாத தண்டனை பெற்றவர் 5 ஆண்டுகள் குற்றமின்றி இருந்தால் பதிவு செல்லாததாகிவிடும். இங்கே அப்படிப் பொதுவான சட்டம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஓராண்டுச் சிறைக்குப் போனவர் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க முடியாது என்கிற அரசியலமைப்பின் 48-ஆவது பிரிவுகூட, விடுதலையாகி 5 ஆண்டுகள் ஆனதும் அந்தத் தடையை நீக்கிவிடுகிறது. எம்.பி. ஆவதற்குக் கெடு உண்டு, கடைக்குக் காவல்காரராவதற்கு இல்லை! பாதுகாவலர் வேலைக்குப் போலீஸ் சரிபார்ப்பு உண்டு என்பதால் அந்தப் பக்கம் அலைந்து நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

தோட்டத்தில் போலீஸ் கடிதம் கேட்பது அரிது. ஆனால் மலையில் ரிங்லெட் ஊரில் நடந்தது சாயங்காலத்துக்குள் பிரிஞ்சாங் ஊருக்குத் தெரிந்துவிடும். மறைத்தால் மூன்றாம் மாதம் யாராவது போட்டுக்கொடுப்பார்கள். ஆகவே நீங்களே சொல்லிவிடுவதுதான் நல்லது என்பது என் கருத்து. என்ன வழக்கு, எப்போது முடிந்தது, உள்ளே என்ன வேலை செய்தீர்கள், இவ்வளவு போதும். கதை வேண்டாம்.

அதோடு முதலாளியிடம் ஒரு கணக்கையும் சொல்லலாம். முன்னாள் கைதிகள், பரோலில் இருப்பவர்கள், போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர்கள், மூத்த குடிமக்கள் ஆகியோரை முழுநேர வேலைக்கு வைத்தால், மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளத்தை வருமான வரியில் இருமுறை கழிக்கலாம் என்று 2019 வரி ஆண்டிலிருந்து ஒரு சலுகை வந்தது. பிறகு 2025 வரை நீட்டினார்கள். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 20,400. அதை இன்னொரு முறை கழித்தால், 24 விழுக்காடு வரி கட்டும் கம்பெனிக்கு 4,896 ரிங்கிட் மிச்சம். சிறு தோட்டக்காரர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. நடப்பு ஆண்டுக்கும் சலுகை உண்டா என்று அவருடைய கணக்காளரிடம் கேட்கச் சொல்லுங்கள். சிறையில் தரும் விடுதலைக் கடிதம் அப்போது தேவைப்படும்; கசங்கினாலும் கிழிந்துவிடக் கூடாது.

ஐசி எனப்படும் அடையாள அட்டை தொலைந்திருந்தால் தேசியப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். முதல் முறைக்கு 100 ரிங்கிட் அபராதம். ஓட்டுநர் லைசென்ஸ்தான் பலரைக் கவிழ்க்கிறது. காலாவதியாகி 3 ஆண்டுகள் தாண்டிவிட்டால் புதுப்பிக்க முடியாது, மறுபடியும் பரீட்சை எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். காய்கறி லாரி ஓட்டிப் பிழைத்தவர் நான்கு ஆண்டு கழித்து வந்தால், தொழில் தெரிந்தும் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. 3 ஆண்டு முடிவதற்குள் வெளியே வந்தால் முதல் வேலையாக ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குப் போங்கள்.

இனித் தோட்டத்து வேலை. சரிவு அதிகமுள்ள இடத்தில் பை பொருத்திய கத்தரியால் கொழுந்து வெட்டுவார்கள். சமமான இடத்தில் மெஷின். அந்த மெஷினைத் தேயிலை வரிசையின் இரு பக்கமும் இருவர் பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். எடை பார்த்துக் கூலி போடும் இடத்தில் உங்களோடு மெஷின் பிடிக்க ஒருவர் சம்மதிக்க வேண்டும். மேனேஜர் வேலை கொடுத்தாலும், ஜோடி சேர்க்கிற மண்டோர் (மேற்பார்வையாளர்) மனம் வைத்தால்தான் சம்பளம். முதல் வாரம் அவரிடம் பேச்சு வாங்காமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. லயத்து வீடு கிடைப்பது பெரிய உதவி, வாடகைக்கு வீடு தேடும்போது வரும் கேள்விகள் இல்லை. ஆனால் வேலை போனால் வீடும் போகும். ஆகவே ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ இரண்டு வாரமாவது தங்க ஓர் உறவுக்காரர் வீட்டைப் பேசி வையுங்கள்.

காய்கறி, பூத் தோட்டங்களில் நாள் கூலி ரொக்கமாகக் கையில் வரலாம், ஆசையாகத்தான் இருக்கும். சம்பளச் சீட்டு, இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) இல்லாமல் ஓராண்டு உழைத்தால் அந்த ஓராண்டு எந்தத் தாளிலும் இருக்காது. அடுத்த முதலாளியிடம் காட்ட உங்களிடம் சிறைக் கடிதம் மட்டுமே இருக்கும். கூலி சற்றுக் குறைந்தாலும் சீட்டுக் கொடுக்கும் இடத்துக்குப் போங்கள். சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் பதிவது இலவசம்.

போதைப்பொருள் உட்கொண்ட வழக்கில் போய் வந்தவர்களுக்கு இன்னொன்று. விடுதலைக்குப் பின் 2 முதல் 3 ஆண்டுகள் ஏஏடிகே எனப்படும் தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் மேற்பார்வை உண்டு. குறித்த நாளில் போய்ப் பெயர் பதிந்து, சிறுநீர்ச் சோதனை கொடுக்க வேண்டும். தவறினால் அதுவே தனிக் குற்றம், மறுபடி உள்ளே போக நேரலாம். வேலையில் சேரும் அன்றே அந்தத் தேதிகளை மண்டோரிடம் கொடுத்து, அன்றைக்கு லீவு என்று செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டில் எழுதச் சொல்லிவிடுங்கள்.