வன்தட்டு விடுக்கும் எச்சரிக்கை

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது முதியோர் வாக்கு. ஏட்டுச் சுவடிகளைக் காத்த நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். பனையோலை நாள்பட்டால் செல்லரிக்கும், ஒடியும். ஆதலால் பழைய ஏடு சிதையும் முன்பே அதனைப் புதிய ஓலையில் பெயர்த்து எழுதினர். அத்தகைய படிகள் பல இடங்களில் எஞ்சியிருந்தமையாலன்றோ, டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவற்றை ஒப்புநோக்கி 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்ற முடிந்தது!

இன்று நம் இல்லங்களில் சுவடிப் பெட்டியின் இடத்தைக் கணினி பெற்றுள்ளது. சிராங்கூன் சாலையிலிருந்து தைப்பூசக் காவடி புறப்பட்ட காட்சி, தாத்தா பாட்டியின் திருமணப் படம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தொழிலாளரின் சம்பளச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதத்தின் படம் ஆகிய யாவும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றன. இவற்றைத் தாங்கி நிற்பது ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு. அதற்கும் ஆயுள் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

முதல் வன்தட்டுப் பொறியை ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதில் 50 பெரிய தட்டுகள் இருந்தன. எனினும் ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே அதில் பதிக்க முடிந்தது. நம் சிங்கப்பூருக்கும் இத்தொழிலில் பெரும்பங்கு உண்டு. சீகேட் நிறுவனம் 1982ஆம் ஆண்டில் இங்குக் காலூன்றியது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் உலகிலேயே மிகுதியாக வன்தட்டு செய்யும் நாடாகச் சிங்கப்பூர் விளங்கிற்று.

வன்தட்டு எவ்வாறு இயங்குகிறது? அதனுள் காந்தப் பூச்சுடைய தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படித்தும் எழுதியும் வரும் சிறு முனை ஒன்று தட்டைத் தொடாமல், தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த இடைவெளியில் மிதந்து செல்கிறது. கீழே விழுந்த அதிர்ச்சியால் முனை தட்டில் உரசினாலும், சுழற்றும் மோட்டார் தேய்ந்தாலும் பழுது தொடங்குகிறது.

நோய் முற்றுமுன் உடல் சில குறிகளைக் காட்டுவதுபோல வன்தட்டும் காட்டுவதுண்டு. வழக்கத்திற்கு மாறாக ‘டிக் டிக்’ என்றோ ‘கரகர’ என்றோ ஒலி எழுதல் முதற்குறி. சிறிய கோப்பைத் திறக்கவும் நெடுநேரம் ஆதல் இரண்டாவது. நேற்றுத் திறந்த படம் இன்று பாதி சிதைந்து தோன்றுதல் மூன்றாவது. கணினி அடிக்கடி நின்றுபோதல், அல்லது தட்டையே காணவில்லை என அறிவித்தல் நான்காவது. இவற்றுள் சில, இணைப்புக் கம்பியின் கோளாறாலும் நேரலாம். ஆயினும் காரணம் ஆராய்வதைப் பின்னர் வைத்துக்கொண்டு, படி எடுப்பதை முன்னர்ச் செய்தலே அறிவுடைமை.

தட்டு மெதுவாக இயங்கினாலும் கோப்புகள் திறக்குமாயின், அதில் புதிதாக எதனையும் பதியலாகாது. மீண்டும் பெறவியலாத குடும்பப் படங்களையும் சான்றிதழ்களையும் முதலில் வேறொரு தட்டிற்குப் பெயர்த்தல் வேண்டும். ‘டிக் டிக்’ ஒலி எழுமாயின் உடனே மின்சாரத்தை நிறுத்துக. மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தால், முனை தட்டைச் சுரண்டி எஞ்சியதையும் அழித்துவிடக்கூடும். தட்டுதல், குளிர்பெட்டியில் வைத்தல், மூடியைத் திறத்தல் ஆகியன கூடா. ஒரு தூசியே உள்ளிருக்கும் தட்டிற்குப் பகையாகும். தூசியற்ற அறையில் பணிபுரியும் மீட்புத் தொழில் வல்லுநரிடம் ஒப்படைப்பதே தக்கது.

கூகுள் நிறுவன ஆய்வாளர் ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பரப்பைச் சோதிக்கையில் ஒரே ஒரு பிழை தோன்றிய தட்டு, பிழையற்ற தட்டைவிட அடுத்த 60 நாள்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு என்று கண்டனர். முதற் குறியையே இறுதி எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு இது சான்றன்றோ! அவ்வாய்வு மற்றொன்றையும் காட்டிற்று. வன்தட்டு தன்னைத் தானே சோதித்துப் பதிந்துவைக்கும் குறிகளுள் நான்கு முதன்மையானவை. பழுதான தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை அந்நான்கனுள் ஒன்றையும் காட்டவில்லை. சுழலும் தட்டில்லாத பென்டிரைவும் கைப்பேசியும் ஒலி எழுப்பாமலே ஓய்ந்துபோகக்கூடும். ஆகவே குறியை எதிர்பார்த்துக் காத்திருத்தல் தகாது. நலமாக உள்ளபோதே படி எடுத்தல் வேண்டும்.

அதற்கு எளிய விதி ஒன்று உண்டு. எதற்கும் மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வீட்டிற்கு வெளியே இருத்தல் வேண்டும். கணினியில் ஒன்று, தனித் தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ ஒன்று எனக் கொள்ளலாம். தனித் தட்டைப் படி எடுத்ததும் கழற்றி வைத்தல் நலம்.

சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்களின் ஐம்பதாண்டு நூல்கள், சமூகமும் தேசிய நூலக வாரியமும் கைகோத்து 2015ஆம் ஆண்டில் மின்வடிவம் பெற்றன. காகிதப் படி மறைந்தாலும் நூல் மறையாதிருக்க வழி பிறந்தது. ஒரு சமூகம் தன் நூல்களுக்குச் செய்ததை ஒரு குடும்பம் தன் நினைவுகளுக்குச் செய்யலாகாதா?

மாணவச் செல்வங்களே! திங்கள்தோறும் முதல் ஞாயிறன்று பெற்றோருடன் அமர்ந்து படி எடுங்கள். எடுத்த படியில் ஒரு கோப்பைத் திறந்தும் பாருங்கள். திறவாத படி படியாகாது. புதிய தட்டை விலைக்கு வாங்கிவிடலாம். மறைந்த பாட்டியின் குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வருமுன் காப்போமாக!