மாணவர் கண்ட தனிமன்றம்

நுழையும்முன்
பள்ளி நிருவாகம் அமைத்துத் தரும் மாணவர் மன்றம் நிருவாகம் வகுத்த எல்லைக்குள் இயங்கும். மாணவர் தாமே கூடி அமைக்கும் மன்றமோ தன் எல்லையைத் தானே வகுத்துக்கொள்ளும். அத்தகைய தனிமன்றம் ஒன்று யாழ்ப்பாணத்தில் தோன்றிச் செயற்பட்டதை இக்கட்டுரை விளக்குகிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தின் உயர்தரப் பள்ளிகள் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாகக் கொண்டிருந்தன. தாய்மொழி பின்தள்ளப்பட்டது; ஆங்கிலேயரின் நடையுடை பாவனைகளே உயர்வெனக் கருதப்பட்டன. ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பிள்ளைகள் பல பள்ளிகளில் பிற மாணவரோடு இருக்கையில் அமர இயலவில்லை, தரையில் அமர்த்தப்பட்டனர்.

இச்சூழலில் 1924ஆம் ஆண்டு ‘யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ்’ உருவாயிற்று. இளைஞரான ஹன்டி பேரின்பநாயகம் அதன் முன்னோடியாகத் திகழ்ந்தார். தீண்டாமை ஒழிப்பு, தாய்மொழிக் கல்வி, தமிழர் சிங்களர் ஒற்றுமை, நாட்டின் முழு விடுதலை ஆகியன அதன் குறிக்கோள்கள். 1927இல் அதன் அழைப்பை ஏற்றுக் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். பின்னர் அவ்வமைப்பு ‘இளைஞர் காங்கிரஸ்’ எனப் பெயர் பெற்றது.

பள்ளிகளில் ‘சம ஆசனம், சம போசனம்’ வேண்டும் என்ற கோரிக்கையை அது ஆதரித்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமரவும் உண்ணவும் வேண்டும் என்பதே அதன் பொருள். இதனால் பள்ளிகளின் பழைய வழக்கத்தை மட்டுமன்றி, உறுப்பினர்கள் தம் உற்றாரையும் ஊராரையும் எதிர்த்து நிற்க நேர்ந்தது.

1931இல் டொனமூர் அரசியலமைப்பின்படி தேர்தல் நடைபெற்றது. அவ்வமைப்பு முழுத் தன்னாட்சி வழங்கவில்லை எனக் கூறி, இளைஞர் காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் 4 தொகுதிகளிலும் எவரும் போட்டியிடவில்லை. அவ்விடங்கள் 1934 வரை வெற்றிடமாகவே இருந்தன. குடாநாட்டு மக்களுக்காகச் சட்டமன்றத்தில் பேச உறுப்பினர் இல்லாது போயிற்று. எனவே இம்முடிவு கடுமையான விமரிசனத்துக்கும் உள்ளாயிற்று. தானே முடிவெடுக்கும் அமைப்பு அம்முடிவின் விளைவுக்கும் பொறுப்பேற்றாக வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 15ஆம் பிரிவு, கூடிச் சங்கம் அமைக்கும் உரிமையைக் குழந்தைகளுக்கும் உரியதாக்குகிறது. இந்தியா 1992இல் இதனை ஏற்றது. தமிழக அரசுப் பள்ளிகளில் 2024இல் தொடங்கப்பெற்ற ‘மகிழ் முற்றம்’ மாணவரைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனக் குழுக்களாக்கித் தலைமைப் பயிற்சி அளிக்கிறது. மொரப்பூர் போன்ற ஊர்களின் பள்ளிகளிலும் இக்களம் உண்டு. இது அரசு அமைத்துத் தந்த களமே. எனினும், உடன் பயில்வோருள் எவர் ஒதுக்கப்படுகிறார் என்ற வினாவை அங்கு எழுப்ப மாணவர் எவருடைய ஆணைக்கும் காத்திருக்க வேண்டுவதில்லை.