வாவிக்கரையில் ஒரு துடுப்புச் சாவி

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றிக் கேள்வியுறாதார் நம்முள் இலர். நிலவு நாளில் தோணியேறிச் சென்று, துடுப்பின் ஒரு நுனியை நீருள் அமிழ்த்தி, மறுநுனியைக் காதோடு பொருத்திக் கேட்பது அவ்வூரவர் வழக்கம். காற்று வழியே கேளாத ஒலி மரத்தின் வழியே கேட்கிறது. இன்று நான் பேசப் புகுவது வேறொரு துடுப்பைப் பற்றி. அது உள்ளங்கையில் அடங்கும். மோர்ஸ் குறிகளை அனுப்ப உதவும் ஒருவகைச் சாவியை ஆங்கிலேயர் துடுப்பு எனப் பொருள்படும் சொல்லாலேயே அழைக்கின்றனர். விரல் படும் தகடுகள் துடுப்பின் அலகைப் போலத் தட்டையாக இருத்தலின் அப்பெயர் பொருத்தமே. நாமும் அதனைத் துடுப்புச் சாவி என்போம்.

கைத்தொலைபேசி இல்லாத வீடில்லை என்னும் இக்காலத்தில் மோர்ஸ் குறி எதற்கு என்று சிலர் வினவலாம். வாவிக்கும் கடலுக்கும் இடையே மணல்மேட்டில் குடியிருப்போரை அவ்வினாவுக்கு விடை கூறச் சொல்லலாம். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பில் தென்னைகளை வீழ்த்தி, தெருக்களை மறித்து, தந்திக் கம்பிகளையும் அறுத்துப் போட்டது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் கல்முனைக் கரையையும் அழித்தது. அவ்வேளையில் தென்கரையிலுள்ள அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலை வழியாகத் தொடர்பு ஏற்படுத்தியவர்கள் இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த பொழுதுபோக்கு வானொலியாளரே. அச்சங்கத்தின் தலைவராக அன்று இருந்தவர் விக்டர் குணதிலக்க. வங்கக் கடலின் மறுபுறம், அந்தமான் தீவின் போட் பிளேயரில் அதே நோக்குடன் செயற்பட்டவர் இந்திய அம்மையார் பாரதி பிரசாத். பொழுதுபோக்கு என்னும் சொல் இவர்கள் செய்த பணிக்குச் சற்றுச் சிறிதாகவே தோன்றுகிறது.

மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். இடையே மலைநாடு நிற்கிறது. காவற்றுறையினரும் மீனவரும் கையில் வைத்திருக்கும் குறுந்தொலைவு வானொலிக் கருவிகளின் அலை நேர்க்கோட்டிலேயே செல்லுமாதலின், மலையைத் தாண்டாது. ஏழு மெகாஹேட்ஸ் அளவிலான சிற்றலையோ வானை நோக்கி ஏறி, மேலேயுள்ள மின்னணு மண்டலத்தில் பட்டு, மழைபோல் நாடெங்கும் திரும்பி இறங்கும். அதற்கு ஏறத்தாழ 20 மீற்றர் நீளமான கம்பியை நடுவில் பிரித்து, இரண்டு தென்னைகளுக்கிடையே மிக உயரமின்றிக் கட்டினால் போதும். பகலில் இது நன்கு பயன்படும். மின்சாரம் நின்றுவிட்டதெனில் மோட்டார்ச் சைக்கிள் பற்றறியே துணை. ஐந்து வாற்று வலுவில் குரல் அனுப்பினால், இரைச்சலில் அது கரைந்துபோகக் கூடும். அதே ஐந்து வாற்றில் மோர்ஸ் குறி அனுப்பினால் ஆற்றல் முழுவதும் மிகக் குறுகிய அலைப்பட்டைக்குள் திரள்கிறது. குரலுக்கு ஏறத்தாழ 2,500 ஹேட்ஸ் அகலம் வேண்டும். குறிக்கு 200 ஹேட்ஸ் கூட வேண்டியதில்லை. ஆகவே வலுக்குறைந்த பற்றறியும் நெடுந்தூரம் பேசும்.

இனிச் சாவிக்கு வருவோம். பழைய தந்திக் கந்தோர்களில் இருந்தது மேலும் கீழுமாக அமுக்கும் ஒற்றைச் சாவி. புள்ளியும் கோடும் அனுப்புபவரின் மணிக்கட்டே அளந்து தர வேண்டும். நாள் முழுவதும் அவ்வாறு அமுக்கிய தந்தியாளர் பலருக்குக் கை முடங்கிப் போயிற்று. இத்துன்பத்துக்கு மாற்றாகவே நியூயோர்க்கைச் சேர்ந்த ஹொரஸ் மாட்டின் 1904ஆம் ஆண்டில் பக்கவாட்டில் அசையும் சாவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதிர்கோல் ஒன்று புள்ளிகளைத் தானாகவே எழுப்பும். கோடுகளை மட்டும் கை இடும். துடுப்புச் சாவி அதன் பேரப்பிள்ளை. இங்கே புள்ளியையும் கோட்டையும் அளந்து தருவது வானொலிப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு மின்னணுச் சுற்று. பெருவிரல் ஒரு நெம்பைத் தள்ளினால் புள்ளிகள் தொடரும். சுட்டுவிரல் மறுநெம்பைத் தள்ளினால் கோடுகள் தொடரும். இரண்டையும் ஒருங்கே நெருக்கினால் புள்ளியும் கோடும் மாறி மாறி வரும். கோடு புள்ளியின் மூன்று மடங்கு. நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் ஒரு விநாடியின் நூறில் ஆறு பங்கு. இத்துணைச் சிறு பொழுதில் நெம்பு சென்று தொட்டு மீள வேண்டுமாதலின், சாவியின் அமைப்பில் ஒரு மயிரிழை பிசகினாலும் எழுத்து மாறிவிடும்.

எவ்வாறு மாறும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். நம் ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்துகளிலேயே அனுப்புவது வழக்கம். 'டி' என்னும் எழுத்து ஒரு கோடும் இரு புள்ளிகளும். சாவி துள்ளி ஒரு புள்ளியை மிகையாக இட்டுவிட்டால் அது 'பி' ஆகிவிடும். கல்லடி என்று அனுப்பியது கல்லபி என்று போய்ச் சேரும். பெறுபவர் ஊரறிந்தவராயின் திருத்திக்கொள்வார். ஆனால் மருந்தின் பெயரிலோ குருதி வகையிலோ இவ்வாறு நேர்ந்தால் யார் திருத்துவது? எண்களுக்கு மட்டும் இயல்பாகவே ஒரு காப்பு உண்டு. ஒவ்வோர் எண்ணும் ஐந்து குறிகளால் ஆனது. ஒன்று குறைந்தால் அது எண்ணாகவே இராது. பெறுபவர் உடனே ஐயுற்று மறுபடி கேட்பார். வேகத்துக்காக ஒன்பதையும் பூச்சியத்தையும் சுருக்கி ஒற்றை எழுத்தாக அனுப்பும் பழக்கம் போட்டிகளில் உண்டு. அரிசி மூடைகளையும் ஆட்தொகையையும் அறிவிக்கும் வேளையில் அச்சுருக்கத்தை அறவே நீக்குதல் வேண்டும். அது எண்ணுக்குரிய காப்பைத் தானே கழற்றி எறிவதாகும்.

சாவியைச் சீரமைப்பதற்கு ஒரு முறையுண்டு. முதலில் நெம்புகள் திரும்பும் அச்சைப் பார்க்க வேண்டும். மேலும் கீழும் ஆடவும் கூடாது. இறுகிப் பிடிக்கவும் கூடாது. அச்சு ஆடும்போது இடைவெளியைச் சரிசெய்ய முனைவது, ஆடுகின்ற தோணியில் நின்று தூக்கு நூல் பிடிப்பதை ஒக்கும். அடுத்துத் தொடுமுனைகளின் இடைவெளி. சாதாரணக் கடிதத் தாள் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக இடையே வைத்து, திருகாணியை மெல்லத் திருகித் தாள் சற்றே உரசி வரும் அளவில் நிறுத்துங்கள். வீட்டு மேசையில் பழகியவர்கள் ஒற்றைத் தாள் அளவுக்கும் அதனினும் நெருக்கமாகவும் வைப்பர். வெளியிடத்தில் அது ஆகாது. முழங்காலின்மீது சாவியை வைத்து, காற்றும் வியர்வையும் தொல்லை தர, கைநடுக்கத்தோடு அனுப்பும்போது இரண்டு தாள் இடைவெளியே காப்பாற்றும். மூன்றாவதாக வில்லின் இறுக்கம். சில சாவிகளில் வில்லுக்குப் பதிலாகக் காந்தம் இருக்கும். விரலைச் சும்மா நெம்பின்மேல் வைத்தால் சாவி தொடக் கூடாது. சிறிது எண்ணித் தள்ளினால்தான் தொட வேண்டும். இறுதியாகப் பூட்டுச் சுரையை முடுக்க வேண்டும். முடுக்கும்போது திருகாணியும் சேர்ந்து சிறிது திரும்பிவிடும். ஆகையால் முடுக்கியபின் மீண்டும் தாளிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. பலர் இதனை விட்டுவிட்டுச் சாவியைக் குறைகூறுவர்.

சீரமைத்த சாவியைச் சோதிக்க, நான்கு புள்ளிகள் கொண்ட 'எச்' என்னும் எழுத்தையும் ஐந்து புள்ளிகள் கொண்ட 5 என்னும் எண்ணையும் மாறி மாறிப் பத்துமுறை அனுப்பிக் கேளுங்கள். புள்ளி குறைந்தால் இடைவெளி மிகுதி, அல்லது தொடுமுனையில் அழுக்கு. புள்ளி மிகுந்தால் இடைவெளி குறைவு, அல்லது வில் தளர்வு.

இவை யாவும் செம்மையாக இருந்தும் புள்ளிகள் தாமாகப் பெருகுமாயின், அதற்கு வேறு காரணம் உண்டு. நீங்கள் அனுப்பும் அலையே சாவியின் வயர் வழியாகப் பெட்டிக்குள் திரும்பிப் புகுகிறது. பெட்டியின் பக்கத்திலேயே வான்கம்பி தொடங்கும் வெளியிட அமைப்புகளில் இது பெரிதும் நேரும். வலுவை மிகக் குறைத்து அனுப்பிப் பாருங்கள். பிழை மறைந்தால் குற்றம் சாவியில் இல்லை. வயரைக் குறுக்கி, அதனைப் பெரைற்று வளையம் ஒன்றில் சில சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு தொடுமுனைக்கும் பொதுமுனைக்கும் இடையே 0.01 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றை இணைத்தால் பெரும்பாலும் தீரும்.

கையிற் கொண்டுசெல்லும் சாவிக்கு மற்றொரு குறை உண்டு. பாரம் குறைவாதலின், தள்ளும் பக்கமெல்லாம் நகரும். வீட்டுச் சாவிகளின் அடித்தளத்தை ஒரு கிலோகிராமும் அதற்கு மேலும் கனமுள்ள இரும்பிலோ பித்தளையிலோ செய்வது இதனாலேயே. வெளியூருக்கு அத்தனை பாரத்தைச் சுமப்பானேன்? எழுதும் பலகையின்மேல் சிறு இரும்புத் தகட்டை அறைந்து, காந்த அடியுள்ள சாவியை அதில் ஒட்டவைத்து, பலகையைத் தொடையோடு பட்டியால் கட்டிக்கொள்ளலாம். தோணியில் இருந்தால் குறுக்குப் பலகையே சிறந்த மேசை.

காந்தம் என்றதும் கீழ்க்கரைக்கே உரிய ஓர் இடர் நினைவுக்கு வருகிறது. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையின் கறுப்பு மணல் பெயர்பெற்றது. இல்மனைற்று முதலிய இரும்பு கலந்த கனிமங்கள் அதில் மிகுதி. அத்தகைய கறுப்பு வரிகளைக் கீழ்க்கரையின் வேறிடங்களிலும் காணலாம். காந்தமுள்ள சாவியை அம்மணலில் வைத்தால், கறுப்புத் துகள்கள் மீசைபோல் ஒட்டிக்கொள்ளும். மணலின் ஒரு துகள் தொடுமுனையின் இடைவெளியைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். ஒன்று உள்ளே புகுந்தாலும் நெம்பு வாய்மூடிவிடும். வாயால் ஊதினால் போகாது; ஊதிய மூச்சின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். ஒட்டுநாடாவின் பசைப் பக்கத்தால் ஒற்றி எடுப்பதே வழி.

மணலினும் கொடியது வாவிக் காற்று. கடலின் உப்பு ஒருபுறம். கண்டற் காட்டுச் சேற்றிலிருந்து எழும் அழுகல் நாற்றம் மறுபுறம். அந்த நாற்றம் ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயு. வெள்ளித் தொடுமுனையை அது கறுக்கச் செய்யும். அக்காலத்துக் கப்பற் சாவிகளுக்கு இது பொருட்டன்று. அவற்றினூடே அம்பியர்க் கணக்கில் மின் பாய்ந்தது. ஒவ்வொரு தொடுகையிலும் எழுந்த பொறியே அழுக்கை எரித்துவிட்டது. இன்றைய மின்னணுச் சுற்றிலோ பாய்வது பெரும்பாலும் ஒரு மில்லியம்பியருக்கும் குறைவு. அது ஒரு மெல்லிய கறையையும் துளைக்க மாட்டாது. வலு குறைந்த கருவிக்கே தூய்மை மிகுதியாக வேண்டும் என்பது முதலில் வியப்பாகத் தோன்றலாம். இதனாற்றான் பொன்முலாம் பூசிய தொடுமுனைகளுக்குச் சிலர் கூடுதல் விலை கொடுக்கின்றனர். வாவிக்கரையில் வாழ்வோருக்கு அச்செலவு வீண் அன்று.

துலக்குவதற்கு அரமும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். அவை பொன்னை உரித்து, வெள்ளியில் கீறலிட்டு, அழுக்குக்குக் குடியிருக்க இடம் செய்து கொடுக்கும். தடித்த வெள்ளைத் தாளைச் சிறு கீற்றாக நறுக்கித் தூய அற்ககோலில் நனைத்துத் தொடுமுனைகளுக்கிடையே வைத்து, நெம்பை மெல்ல அழுத்தியபடி உருவுங்கள். கீற்றுக் கறுத்து வரும். கறுப்பு நிற்கும்வரை புதுக் கீற்றால் உருவிய பின், ஈரமில்லாத கீற்றால் ஒருமுறை உருவி முடியுங்கள். தையல் இயந்திர எண்ணெயை ஊசி நுனியால் தொட்டு அச்சில் மட்டும் வைக்கலாம். தொடுமுனையில் ஒருபோதும் படலாகாது. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் மாதம் ஒருமுறை இவ்வாறு செய்தால் போதும். வாடையும் மழையும் தொடங்கும் நவம்பர் முதல் வாரம் ஒருமுறை பார்ப்பது நன்று. அம்மாதங்களே சூறாவளிக்கும் வெள்ளத்துக்கும் உரிய மாதங்கள் என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் வாங்கிப் பழக விரும்புவோர் முதலில் உரிமம் பெறல் வேண்டும். அதனை வழங்குவது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. மோர்ஸ் தேர்வு எல்லா நாடுகளுக்கும் கட்டாயம் என்றிருந்த உலக விதி 2003ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆயினும் விரும்பிக் கற்போர் தொகை குறைந்துவிடவில்லை. உரிமம் கிடைக்கும்வரை, ஒலியெழுப்பும் சிறு கருவியொன்றோடு சாவியை இணைத்து வீட்டிலேயே பழகத் தடையில்லை. அப்பழக்கத்தில் அலை எதுவும் வெளியே செல்வதில்லை.

சாவி தவறி வாவிக்குள் விழுந்துவிட்டால் என்ன செய்வது? உவர்நீரோடு உலரவிட்டால் உப்புப் படிந்து கெட்டுவிடும். ஆகவே எடுத்தவுடன் நன்னீரில் அலசுங்கள். மணல்மேட்டுக் கிணற்றுநீர் சில வேளை தானே உவர்க்குமாதலின், பிடித்து வைத்த மழைநீரோ, பற்றறிக்கு ஊற்றும் வடித்த நீரோ மேல். பிறகு அற்ககோலில் ஒருமுறை அலசி, வெயிலிற் காய்ச்சாமல் நிழலில் ஒருநாள் வையுங்கள். உலர்ந்தபின் அச்சுக்கு எண்ணெய் தொட்டு, தாளிட்டு இடைவெளியைப் பார்த்து, ஐந்து என்னும் எண்ணைப் பத்துமுறை அனுப்பிக் கேளுங்கள். பத்தும் ஐந்தாகவே கேட்டால், மூடியுள்ள பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம் ஒன்றுடன் வைத்து மூடிவிடலாம்.