2028 அமெரிக்க அதிபர் தேர்தல்: வான்ஸா... நியூசமா... மறுபடியும் கமலாவா? ரேஸில் யார் யார்?

'தேர்தலுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கே, அதுக்குள்ள என்ன அவசரம்?' 2028 பற்றிக் கேட்டால், அமெரிக்க அரசியல்வாதிகள் பெரும்பாலும் இப்படித்தான் நழுவுகிறார்கள். ஆனால், அதே ஆட்கள்தான் வரிசையாகச் சுயசரிதை வெளியிடுகிறார்கள். சொந்த மாநிலத்தை விட்டுவிட்டு நியூ ஹாம்ப்ஷயரிலும் சவுத் கரோலினாவிலும் போய்க் கூட்டம் பேசுகிறார்கள். வாய் 'இல்லை' என்கிறது. கால் 'ஆமாம்' என்கிறது!

2028 நவம்பர் 7-ம் தேதி வாக்குப்பதிவு. 2029 ஜனவரி 20-ம் தேதி புதிய அதிபர் பதவியேற்பு. ஓஎம்ஆரில் எச்1பி விசாவுக்காகக் காத்திருக்கும் இன்ஜினீயர் முதல், திருப்பூரில் அமெரிக்க ஆர்டரை நம்பியிருக்கும் பனியன் கம்பெனிக்காரர் வரை பலரின் கணக்கும் அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதைப் பொறுத்து மாறும். அதனால், இப்போதே அடிபடும் பெயர்களைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதல் கேள்வி: ட்ரம்ப் மறுபடியும் நிற்க முடியுமா?

முடியாது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் 22-வது திருத்தப்படி ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1932 முதல் 1944 வரை தொடர்ந்து நான்கு முறை ஜெயித்ததைப் பார்த்த பிறகு வந்த திருத்தம் இது. 1951-ல் அமலுக்கு வந்தது. 2016, 2024 என்று ட்ரம்ப்பின் இரண்டு வெற்றிகளும் முடிந்துவிட்டன.

'ட்ரம்ப் 2028' என்று தொப்பி விற்றார்கள், உண்மைதான். 'துணை அதிபராக நின்று, பிறகு அதிபர் ஆகலாமே' என்றும் ஒரு குறுக்கு வழி பேசப்பட்டது. ஆனால், அதிபராகத் தகுதி இல்லாதவர் துணை அதிபராகவும் ஆக முடியாது என்கிறது 12-வது திருத்தம். தனக்கு அனுமதி இல்லை என்று ட்ரம்ப்பே 2025 அக்டோபரில் ஒப்புக்கொண்டார். சட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, அதன்பிறகு 50-ல் 38 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும். இன்றைய அமெரிக்காவில் அது நடக்கிற காரியமில்லை.

'நான் நிற்கிறேன்' என்று ஏன் யாரும் சொல்வதில்லை?

கூச்சம் எல்லாம் இல்லை, சட்டம்தான் காரணம். பிரசாரத்துக்காக 5,000 டாலருக்கு மேல் வசூலித்தாலோ செலவழித்தாலோ ஒருவர் சட்டப்படி 'வேட்பாளர்' ஆகிவிடுவார். உடனே தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். நன்கொடை வரம்பு, கணக்கு காட்டுதல் என்று எல்லாக் கட்டுப்பாடுகளும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

'இன்னும் முடிவு பண்ணலை, ஆழம் பார்க்கிறேன்' என்று சொல்லும்வரை அந்தத் தலைவலி கிடையாது. அதனால்தான் புத்தக அறிமுக விழா, பாட்காஸ்ட், மற்ற மாநில வேட்பாளர்களுக்காகப் பிரசாரம் என்று சுற்றி வருகிறார்கள். செய்வது தேர்தல் வேலை, பெயர்தான் வேறு.

குடியரசுக் கட்சி: வான்ஸ்தான் வாரிசா?

ட்ரம்ப்புக்கு அடுத்து யார் என்றால் முதலில் வரும் பெயர் துணை அதிபர் ஜே.டி.வான்ஸ். 'பெரும்பாலும் அவர்தான்' என்று 2025 ஆகஸ்ட்டில் ட்ரம்ப்பே சொன்னார். 2028 தேர்தலின்போது வான்ஸுக்கு வயது 44. கட்சியின் தேசியக் குழுவுக்கு நிதி திரட்டும் பொறுப்பும் அவரிடமே இருக்கிறது. பதவியில் இருக்கும் துணை அதிபர் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்றது இதுவே முதல் முறை. நாடு முழுவதும் இருக்கும் பெரிய நன்கொடையாளர்களின் தொடர்பு இப்போதே அவர் கையில்! மனைவி உஷாவின் பூர்வீகம் ஆந்திரா என்பதால் இந்திய மீடியாவிலும் அவருக்குத் தனி வெளிச்சம்.

ஆனால், வரலாறு கொஞ்சம் பயமுறுத்துகிறது. கடந்த 70 ஆண்டுகளில், பதவியில் இருக்கும்போதே அதிபர் வேட்பாளராக நின்ற துணை அதிபர்கள் ஐந்து பேர்: 1960-ல் நிக்ஸன், 1968-ல் ஹம்ஃப்ரி, 1988-ல் சீனியர் புஷ், 2000-ல் அல் கோர், 2024-ல் கமலா ஹாரிஸ். இதில் ஜெயித்தவர் புஷ் ஒருவர்தான்.

காரணம் எளிது. முதலாளியின் நல்ல பெயர் முழுசாக வந்து சேராது, கெட்ட பெயர் மட்டும் வட்டியோடு வரும். விலைவாசி ஏறினால் வான்ஸ் பதில் சொல்ல வேண்டும். ட்ரம்ப்பிடம் இருந்து விலகி நின்றாலோ கட்சித் தொண்டர்கள் விட மாட்டார்கள். 2016-ல் ட்ரம்ப்பைக் கடுமையாக எதிர்த்தவர் வான்ஸ் என்பதை எதிராளிகள் மறக்கவும் போவதில்லை.

இன்னொரு பெயர், வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ. 2016-ல் போட்டியிட்டு, சொந்த மாநிலமான ஃபுளோரிடாவிலேயே ட்ரம்ப்பிடம் தோற்று விலகியவர். இப்போது தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கும் அளவுக்கு ட்ரம்ப்பின் நம்பிக்கைக்கு உரியவர். 'வான்ஸ் நின்றால் முதலில் ஆதரிப்பவர்களில் நானும் ஒருவன்' என்ற ரீதியில் பேசியிருக்கிறார். அப்படியென்றால் வான்ஸ்-ரூபியோ என்று ஒரே டிக்கெட்டா? பேச்சு அடிபடுகிறது. வான்ஸ் சறுக்கினால் மாற்று ஆள் தயார் என்றும் இதைப் படிக்கலாம்.

ஜனநாயகக் கட்சி: ஒரு நாற்காலி, ஒரு டஜன் துண்டு

அந்தப் பக்கம் வரிசை என்றால், இந்தப் பக்கம் கூட்டம். வெள்ளை மாளிகையும் கையில் இல்லை, அசைக்க முடியாத தலைவரும் இல்லை. அதனால் ஆளாளுக்குத் துண்டு போடுகிறார்கள்.

கேவின் நியூசம்: கலிஃபோர்னியா ஆளுநர். ட்ரம்ப் பாணியிலேயே கொட்டை எழுத்தில் சமூக வலைதளப் பதிவு போட்டு, அவரையே கலாய்த்துப் பிரபலமானவர். டெக்சாஸில் குடியரசுக் கட்சி தொகுதி எல்லைகளைத் தனக்குச் சாதகமாக மாற்றியபோது, பதிலடியாகக் கலிஃபோர்னியாவிலும் எல்லைகளை மாற்ற மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, 2025 நவம்பரில் ஜெயித்துக் காட்டினார். 2027 ஜனவரியில் பதவிக்காலம் முடிகிறது, பிறகு கை ஃப்ரீ. இடைக்காலத் தேர்தலுக்குப் பிறகு அதிபர் போட்டி பற்றி யோசிப்பேன் என்று ஓப்பனாகவே சொல்லிவிட்டார். பலவீனம்? கலிஃபோர்னியாவின் வீட்டு வாடகை, தெருவோரம் தங்கியிருக்கும் வீடற்றவர்கள்... எதிர்க்கட்சி விளம்பரத்துக்கு வேறு படமே தேவையில்லை.

கமலா ஹாரிஸ்: 2024-ல் வெறும் 107 நாள் பிரசாரத்தில் ஏழரைக் கோடி வாக்குகள் வாங்கியும் தோற்றவர். அந்த 107 நாட்களைத்தான் புத்தகமாக எழுதினார். கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் நிற்கச் சொல்லி வந்த பேச்சை 2025 ஜூலையில் மறுத்தார். இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 1960-ல் அதிபர் தேர்தலில் தோற்ற நிக்ஸன், 1962-ல் இதே கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் நின்று அதிலும் தோற்று, அரசியலே முடிந்தது என்றார்கள். ஆனால் 1968-ல் அதிபர் தேர்தலில் ஜெயித்தார்! கமலா அந்த நடுப் படியைத் தாண்டிவிட்டார். கடைசிப் படி கிடைக்குமா என்பதுதான் கேள்வி. 'தோற்றவருக்கே மறுபடியும் சீட்டா?' என்று கட்சிக்குள் முணுமுணுப்பு இருக்கிறது. அவர் நின்றால் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் மறுபடியும் பூஜை நிச்சயம்; அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊர் அது.

ஆளுநர் கோஷ்டி: பென்சில்வேனியாவின் ஜோஷ் ஷபிரோ, இல்லினாயின் ஜே.பி.பிரிட்ஸ்கர், கென்டக்கியின் ஆண்டி பெஷியர், மிச்சிகனின் கிரெச்சன் விட்மர். இதில் ஷபிரோவின் பலம் அவருடைய மாநிலம். 2016, 2020, 2024 மூன்று தேர்தலிலும் பென்சில்வேனியாவை ஜெயித்தவரே அதிபர். 538 தேர்வாளர் வாக்குகளில் 19 அங்கே இருக்கிறது, தேவை 270. பெஷியரோ, ட்ரம்ப் சுமார் 30 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த மாநிலத்தில் இரண்டு முறை ஆளுநர் தேர்தலில் வென்றவர். பிரிட்ஸ்கர் ஹயாத் ஹோட்டல் குடும்பத்துக் கோடீஸ்வரர், வசூலுக்கு அலைய வேண்டியதில்லை.

இளம் ரத்தம்: 2020 பிரைமரியில் 38 வயதில் கலக்கிய பீட் புட்டிஜெஜ், 2026 தேர்தலில் மிச்சிகன் செனட்டுக்கும் நிற்கவில்லை, ஆளுநர் பதவிக்கும் நிற்கவில்லை. பெரிய இடத்துக்குக் குறி என்று அதைப் பார்க்கிறார்கள். இடதுசாரி அணியில் பெர்னி சாண்டர்ஸுக்கு அடுத்து கூட்டம் சேர்ப்பவர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ். அதிபர் ஆக 35 வயது ஆகியிருக்க வேண்டும். அவர் அதை 2024-லேயே தொட்டுவிட்டார். ஆனால், 2028-ல் நியூயார்க் செனட் இடமும் தேர்தலுக்கு வருகிறது. எதைக் குறிவைப்பார் என்பது சஸ்பென்ஸ்.

இப்போது முன்னணியில் இருப்பவர்தான் ஜெயிப்பாரா?

அப்படி நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. 2007-ல் கருத்துக்கணிப்புகளில் முந்தியவர்கள் ஹிலாரி கிளிண்டனும் ரூடி ஜூலியானியும். இருவருமே வேட்பாளர் ஆகவில்லை. 2015-ல் ஜெப் புஷ்ஷுக்காக ஆதரவுக் குழு 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. கடைசியில் கிடைத்தது 4 பிரதிநிதிகள்!

விதிமுறையும் ஆளை மாற்றும். குடியரசுக் கட்சியில் பல மாநிலங்களில் முதலில் வருபவருக்கே எல்லாப் பிரதிநிதிகளும் போவார்கள். அதனால், பலர் மோதினாலும் ஒருவர் சீக்கிரம் முந்திவிடலாம். 2016-ல் ட்ரம்ப்புக்கு அதுதான் கைகொடுத்தது. ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதம் தாண்டிய எல்லோருக்கும் வாக்கு விகிதப்படி பங்கு உண்டு. ஒரு டஜன் பேர் நின்றால் இழுபறி நீண்டுகொண்டே போகும். எந்த மாநிலம் முதலில் வாக்களிக்கிறது என்பதும் முக்கியம். 2020-ல் அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் இரண்டிலும் பைடன் மண்ணைக் கவ்வினார். சவுத் கரோலினா அவரைத் தூக்கி நிறுத்தியது.

சரி, நமக்கு என்ன?

2025 செப்டம்பரில் புதிய எச்1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று ட்ரம்ப் அறிவித்தார். எச்1பி பெறுவோரில் பத்தில் ஏழு பேர் இந்தியர்கள் என்பதால் இடி நேராக இங்கேதான் விழுந்தது. அதற்கு முந்தைய மாதம் இந்தியப் பொருட்கள் மீது 50% வரி வந்தபோது திருப்பூர் பட்ட பாடும் தெரிந்ததே.

கவனிக்க வேண்டியது இதுதான். இந்தக் கட்டணம் அதிபரின் கையெழுத்தில் வந்தது. அடுத்த அதிபர் நினைத்தால் அதே பேனாவால் எடுத்துவிடலாம். 2020-ல் ட்ரம்ப் போட்ட எச்1பி தடை, பைடன் நீட்டிக்காததால் 2021 மார்ச்சோடு காலாவதி ஆனது. ஆனால், ஆண்டுக்கு 85,000 என்ற எச்1பி உச்சவரம்பை எந்த அதிபராலும் தனியாக மாற்ற முடியாது. அதற்கு நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும்.

'அப்போ ஜனநாயகக் கட்சி வந்தா விசா ஈஸியா?' அப்படியும் சொல்லிவிட முடியாது. சாண்டர்ஸ் அணி எச்1பி-யை மலிவு சம்பளத்துக்கு ஆள் பிடிக்கும் வழியாகவே பார்க்கிறது. வான்ஸும் இந்த விசாவைப் பகிரங்கமாக விமர்சித்தவர். ரூபியோவின் கதை இன்னும் சுவாரஸ்யம். 2013-ல் செனட்டராக இருந்தபோது, எச்1பி எண்ணிக்கையை உயர்த்தும் மசோதாவைக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். இன்று விசா கெடுபிடிகளை நடைமுறைப்படுத்தும் துறையே அவர் கையில். ஆக, வேட்பாளரின் கட்சியை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். எந்த மாநிலத்து ஓட்டை நம்பி நிற்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

எதைக் கவனிக்கணும்?

முதலில், 2026 நவம்பர் 3-ம் தேதி இடைக்காலத் தேர்தல். வான்ஸ், நியூசம் இருவருமே 'அதுக்கப்புறம் பேசலாம்' என்று சொல்லி வைத்திருக்கும் தேதி இது. ஷபிரோவும் பிரிட்ஸ்கரும் இதே தேர்தலில்தான் ஆளுநர் பதவிக்கு மறுபடியும் நிற்கிறார்கள். சொந்த மாநிலத்தில் எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயிக்கிறார்கள் என்பதே அவர்களுக்கான முதல் மார்க்.

அடுத்து, அதற்குப் பிந்தைய சில மாதங்கள். 2022-ல் இடைக்காலத் தேர்தல் முடிந்த ஒரே வாரத்தில் ட்ரம்ப் அறிவித்துவிட்டார். ஒபாமா 2007 பிப்ரவரியில் அறிவித்தார். 2028 தொடக்கத்தில் பிரைமரி ஆரம்பிக்கும்போது, இன்றைய பட்டியலில் பாதிப் பேர் காணாமல் போயிருக்கலாம். யாரும் நினைக்காத ஒரு பெயர் முன்னால் வந்திருக்கலாம்.

அதுவரை, 'நான் நிற்கவே மாட்டேன்' என்று யார் சொன்னாலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கள். அடுத்த வாரம் அவர் எந்த ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்? நியூ ஹாம்ப்ஷயர் என்றால், அவர் நிற்கிறார்!