பூட்டிய கைதான் திறக்க வேண்டும்



நாய், பூனை வளர்ப்பவர்களைப் போலவே மலைப்பாம்பு, இகுவானா, ஆமை வளர்ப்பவர்களும் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். ஒரே ஒரு பால் பைத்தானில் தொடங்கியவர், சில ஆண்டுகளில் ஓர் அறை முழுக்கப் பெட்டிகளை அடுக்கிவிடுகிறார். அரிய நிறமுள்ள ஒரு பாம்புக்கே ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுக்கிறார்கள். "பாம்புக்கெல்லாமா பாதுகாப்பு?" என்று சிலர் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன் 2021 டிசம்பர் 18ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள்.

அன்று பெய்த மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கின. மக்கள் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் அவிழ்த்துவிட்ட நாய் நீந்தும். பூனை மேலே ஏறிக்கொள்ளும். தாழ்ப்பாள் போட்ட பெட்டியில் இருக்கும் பாம்பு என்ன செய்யும்? நில ஆமைக்கு நீந்தவே தெரியாது. பூட்டியவர் நாம். அதனால் அவற்றைக் காப்பாற்றும் பொறுப்பும் நம்முடையதுதான்.

முதலில் வெள்ளம். பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள். மாடி வீடாக இருந்தால் மேல்தளமே நல்லது. பாம்பைத் தூக்கிச் செல்ல விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். தையல் பிரியாத தலையணை உறை போதும். ஓர் உறைக்கு ஒரு பாம்பு. வாயை இறுகக் கட்டி, காற்றுத் துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். இனம், அடையாள எண், கடைசியாக உணவு கொடுத்த தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். புறப்படும் நேரத்தில் உணவு கொடுக்க வேண்டாம், பயணத்தில் கக்கிவிடும். வளர்ந்த பாம்பு இரண்டு வாரம் உணவின்றி இருந்தாலும் தாங்கும், தண்ணீர்தான் அவசியம்.

முட்டைகள் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. கோழி முட்டையைப் போலப் பாம்பு முட்டையைப் புரட்டக்கூடாது. உள்ளே இருக்கும் கரு இறந்துபோகலாம். ஒவ்வொரு முட்டையின் மேற்புறத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் பக்கம் மேலே இருக்கும்படியே நகர்த்துங்கள்.

இரண்டாவது வெப்பம். ஊர்வனவற்றின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. சுற்றுப்புறத்தை நம்பியே வாழ்கிறது. குளிர்நாட்டில் மின்சாரம் நின்றால் குளிர்தான் எமன். நம் நாட்டிலோ பெரும்பாலும் வெயில்தான் எமன். வெயிலில் நிறுத்திய காரில், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாம்புப் பெட்டியை வைத்தால் சில நிமிடங்களே போதும், கதை முடிந்துவிடும். ஐஸ் பெட்டி ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். ஐஸ் போடாமலேயே அது சூட்டைச் சற்று நேரம் தடுத்துக் கொடுக்கும். வீட்டில் வெப்ப விளக்கு, வெப்பப் பாய் எதுவானாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடக்கூடாது. அது பழுதானால் பிராணி வெந்துபோகும், வீடும் தீப்பிடிக்கலாம்.

மூன்றாவது, தப்பி ஓடுவது. 1992 ஆகஸ்டில் அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடாவை ஆண்ட்ரூ சூறாவளி தாக்கியபோது, பாம்பு வளர்ப்பு நிலையம் ஒன்றும் சிதைந்தது. அங்கிருந்து பர்மிய மலைப்பாம்புகள் தப்பின. வளர்க்க முடியாமல் காட்டில் கொண்டுபோய் விட்டவர்களும் உண்டு. அந்தப் பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, பாம்புகள் நீண்டகாலமாக இருக்கும் தென்பகுதிச் சாலைகளில் ரக்கூன் என்ற சிறு விலங்கு கண்ணில் படுவது 99 விழுக்காடு குறைந்துவிட்டதாகக் கூறியது. ஆகவே, "தண்ணீர் வருகிறது, திறந்துவிடுவோம், பிழைத்துக்கொள்ளட்டும்" என்று நினைப்பது இரக்கம் அல்ல. வெளிநாட்டுப் பாம்புக்கும் கேடு, நம் காட்டுக்கும் கேடு, அண்டை வீட்டாருக்கும் பயம்.

நான்காவது, தாள்கள். பலர் அலட்சியம் செய்வது இதைத்தான். தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டியலில் உள்ள இனங்களுக்குப் பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் நட்சத்திர ஆமை, 2019 முதல் அனைத்துலக வணிகத்தில் மிகக் கடுமையான பட்டியலில் உள்ளது. உரிமம் இல்லாதவர், பிராணி திருடுபோனாலும் காவல் நிலையம் போகத் தயங்குவார். வெள்ளத்தில் மீட்புப் படையிடம் உண்மையைச் சொல்லவும் தயங்குவார். ஆக, நெருக்கடி வருவதற்கு முன்பே அவர் தனித்துப்போகிறார்.

உரிமம், வாங்கிய ரசீது, மருத்துவர் குறிப்பு, ஒவ்வொரு பிராணியின் படம் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத உறையில் போடுங்கள். பாம்பின் உடல் கோலத்தையும் ஆமையின் அடி ஓட்டையும் படம் எடுங்கள்; காணாமல்போனால் அதுவே அடையாளம். ஒரு பிரதியை உறவினரிடம் கொடுங்கள். வீட்டுக் காப்புறுதியில் பிராணிகள் அடங்குமா, வெள்ளம் அடங்குமா என்று எழுத்துபூர்வமாகக் கேட்டுப் பெறுங்கள். விலை உயர்ந்த பிராணிகளின் படத்தை வீட்டு முகவரி தெரியும்படி ஊருக்கெல்லாம் காட்டவும் வேண்டாம்.

துயர்துடைப்பு மையத்துக்குப் பாம்போடு போகலாம் என்று எண்ணாதீர்கள். அங்கே குழந்தைகளும் முதியவர்களும் இருப்பார்கள். ஊர்வனவற்றின் மூலம் சால்மோனெல்லா கிருமி பரவக்கூடும். மேடான இடத்தில் வசிக்கும், பாம்புக்குப் பயப்படாத ஒரு நண்பரிடம் இப்போதே பேசி வையுங்கள். அதே நண்பருக்கு உணவு முறையையும் சொல்லிக்கொடுங்கள். வெள்ளத்துக்கு மட்டுமல்ல. நாமே மருத்துவமனையில் படுத்துவிட்டால்? பால் பைத்தான் இருபது, முப்பது ஆண்டு வாழும். ஆமை நம்மையும் தாண்டி வாழும்.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கிவிடும். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓர் ஒத்திகை நடத்துங்கள். எல்லாப் பிராணிகளையும் பையிலும் பெட்டியிலும் போட்டு வாசலுக்குக் கொண்டுவர எத்தனை நிமிடம் ஆகிறது? ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், நம் கைகளால் காப்பாற்ற முடிந்ததைவிட அதிகமாக வளர்க்கிறோம் என்று பொருள். அதை ஒத்திகையில் தெரிந்துகொள்வது நல்லது.